கடைசி வீட்டுக் குழாயிலிருந்து தொடங்குவோம்: டெல்டா ஊர்களில் குடிநீர் விநியோகத்தை அளந்து பார்ப்பது எப்படி?

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்துவிட்டார்கள் என்ற செய்தியோடு டெல்டாவில் யாரும் நிம்மதி அடைந்துவிடுவதில்லை. எத்தனை கனஅடி திறந்தார்கள் என்பது பேப்பரில் வரும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்பதுதான் டீக்கடையில் பேச்சு. கல்லணையில் பிரித்துவிட்ட தண்ணீர் நாகப்பட்டினம் பக்கத்து வயலுக்குப் போய்ச் சேரும்வரை விவசாயி கணக்கை முடிக்க மாட்டார். பாசனத்தில் இவ்வளவு கறாராக இருக்கும் நாம், குடிநீர் என்று வந்தால் "நாளொன்றுக்கு இத்தனை லட்சம் லிட்டர் வழங்கப்படுகிறது" என்ற ஒரு வரியை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். அந்த வரி பம்பு ஹவுஸ் கணக்கு. தெருக்கோடி வீட்டுக் குடத்தில் எவ்வளவு விழுந்தது என்று அது சொல்லாது.

அந்தக் கடைசி வீட்டிலிருந்து பின்னோக்கிப் போய், ஊரின் குடிநீர் அமைப்பு எவ்வளவு திறமையாக வேலை செய்கிறது என்று அளப்பதற்கான வழியை இங்கே சொல்கிறேன். புதிதாக வந்த வார்டு உறுப்பினர், குடியிருப்போர் நலச் சங்கத்தார், சிவில் படிக்கும் மாணவர், வரி கட்டும் எவரும் செய்யலாம். அளவு தெரிந்த ஒரு வாளி, செல்போன், நோட்டு, நாலைந்து சோதனைப் பொருட்கள் போதும். முழு ஊரையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு மேல்நிலைத் தொட்டி, அதிலிருந்து தண்ணீர் போகும் தெருக்கள், அவ்வளவுதான் ஆரம்பத்துக்கு.

எதை வைத்து எடைபோடுவது?

மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-ல் சேவைத் தர அளவுகோல்களை வெளியிட்டது. குடிநீருக்கு ஒன்பது அளவுகள். எல்லா வீட்டுக்கும் இணைப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், 24 மணி நேர விநியோகம், 100 சதவீதம் மீட்டர், வருவாய் தராத நீர் (கசிவாகவோ திருட்டாகவோ இலவசமாகவோ கட்டணம் வராமல் போவது) 20 சதவீதத்துக்குள், தரச் சோதனையில் 100 சதவீதம் தேர்ச்சி, புகார்களில் 80 சதவீதம் உரிய நேரத்தில் தீர்வு, நடத்தும் செலவு முழுவதும் கட்டணத்திலேயே திரும்புவது, கேட்ட கட்டணத்தில் 90 சதவீதம் வசூல் ஆவது. இவை இலக்குகள். நம் ஊர்களில் காலையில் ஒரு வேளை, சில இடங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதுதான் நடைமுறை. அதனால் 24 மணி நேரம் என்பதைப் பார்த்து மலைத்துப் போக வேண்டாம்.

135 லிட்டர் என்பது பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கான அளவு. சாக்கடைத் திட்டம் இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த கணக்கு. கிராமங்களுக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் 55 லிட்டர். உங்கள் ஊர் எதில் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து மாநகராட்சியின் அளவை எடுத்து வந்து பேரூராட்சியைத் திட்டுவது நியாயமில்லை.

வெளியிலிருந்து போகிறவர் நேரடியாக அளக்க முடிந்தவை ஐந்து: எவ்வளவு வருகிறது, எப்போது எவ்வளவு நேரம் வருகிறது, வழியில் எவ்வளவு தொலைகிறது, என்ன தரத்தில் வருகிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் போகிறது. மற்றவை அலுவலகக் கணக்கில் கிடைக்கும்.

தண்ணீர் வரும் வழியை வரையுங்கள்

டெல்டா ஊர்களின் குடிநீரில் பெரும்பகுதி காவிரி, கொள்ளிடம் ஆற்று மணலுக்குள் இருந்து வருகிறது. திருச்சி கம்பரசம்பேட்டையில் இருப்பதுபோல ஆற்றுக்குள்ளேயே கிணறு இறக்கி, பக்கவாட்டுக் குழாய்கள் வழியாக மணலில் ஊறும் நீரை எடுக்கிறார்கள். ஆற்றின் மேலே ஓட்டம் இல்லாத மாதத்திலும் மணலுக்குள் தண்ணீர் இருக்கும். மணலே வடிகட்டியும் விடும். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. அதனால்தான் கொள்ளிடத்துத் தண்ணீர் குழாயில் ஏறி வேதாரண்யம் வரை போகிறது. இத்தனை தூரம் போகிற தண்ணீரில் ஒவ்வொரு லிட்டருக்கும் மின்சாரச் செலவு இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் வரிசையாக வரையுங்கள்: ஆற்றுக் கிணறு, நீரேற்று நிலையம், குளோரின் கலக்கும் இடம், பிரதான குழாய், தரைமட்டத் தொட்டி, மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், வீட்டு இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் பொறுப்பு என்று எழுதுங்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால், ஆற்றிலிருந்து ஊர் எல்லைத் தொட்டி வரை பெரும்பாலும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் பார்க்கிறது. அதற்கப்புறம் நகராட்சியோ பேரூராட்சியோ. இரண்டும் கைமாறும் அந்த இடத்தைக் கட்டாயம் கண்டுபிடியுங்கள். அங்கே ஒரு பெரிய மீட்டர் இருக்க வேண்டும். இருக்கிறதா, ஓடுகிறதா, யார் எழுதுகிறார்கள்? "எங்களுக்கு வந்தது குறைவு" என்று ஒரு பக்கமும் "நாங்கள் அனுப்பியது சரி" என்று இன்னொரு பக்கமும் சொல்லும்போது தீர்ப்புச் சொல்லப்போவது அந்த மீட்டர்தான்.

வரைபடத்தைத் திருத்த ஆள் வேண்டுமென்றால், உங்கள் பகுதியில் வால்வு திறக்கும் பணியாளரைத் தேடிப் போங்கள். எந்தத் தெருவில் குழாய் எத்தனை அடி ஆழம், எங்கே பழைய குழாயும் புதுக் குழாயும் சேர்கிறது, எந்த வால்வு அரைகுறையாக மூடுகிறது என்பதெல்லாம் பல ஊர்களில் அவர் ஒருவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. "அண்ணே, எந்தத் தெருவுல கடைசியா தண்ணி ஏறும்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் இருந்துதான் உங்கள் வேலையே ஆரம்பம். அவரைக் குற்றம் கண்டுபிடிக்கப் போவதுபோல அணுகாதீர்கள். அவர் இல்லாமல் இந்தக் கணக்கு நடக்காது.

தொட்டியிலிருந்து எவ்வளவு புறப்படுகிறது?

மீட்டர் ஓடினால் ஏழு நாள் தொடர்ந்து ஒரே நேரத்தில் எழுதி வாங்குங்கள். முடிந்தது.

ஓடவில்லை என்றால், "20 எச்.பி. பம்பு, ஆறு மணி நேரம் ஓடுகிறது, அதனால் இத்தனை லிட்டர்" என்று கணக்குச் சொல்வார்கள். இதை நம்பி எழுத வேண்டாம். பம்பின் தகட்டில் போட்டிருக்கும் அளவு புதிதாக இருந்தபோது, குறிப்பிட்ட உயரத்துக்கு ஏற்றினால் தரும் அளவு. தேய்ந்த பம்பு, மணல் அடைத்த குழாய், குறைந்த மின்னழுத்தம் எல்லாம் சேர்ந்தால் தகட்டுக்கும் உண்மைக்கும் தூரம் அதிகம்.

அதைவிட நம்பகமான வழி, தொட்டியையே அளவைப் பாத்திரமாகப் பயன்படுத்துவது. வட்டத் தொட்டியின் உள்விட்டம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு 113 சதுர மீட்டர். மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 1,130 லிட்டர் வெளியே போயிருக்கிறது. பம்பை நிறுத்திவிட்டு, விநியோக வால்வைத் திறந்து, அரை மணிக்கு ஒருமுறை மட்டத்தைக் குறித்தால் எந்த நேரத்தில் எவ்வளவு புறப்பட்டது என்று கிடைத்துவிடும். பல தொட்டிகளில் வெளிப்புறத்திலேயே மட்டம் காட்டும் அளவுகோல் உண்டு. பொறியாளரிடம் அனுமதி வாங்கி, பணியாளர் கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். தொட்டி மேல் நீங்கள் ஏற வேண்டாம்.

இதே முறையில் இன்னொரு சோதனையும் செய்யலாம். ராத்திரி விநியோகம் முடிந்து, உள்ளே வருவதும் வெளியே போவதுமான எல்லா வால்வையும் மூடிவிட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் மறுபடி பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தொட்டி கசிகிறது, அல்லது வால்வு முழுதாக மூடவில்லை. செலவில்லாத சோதனை. ஆனாலும் பல இடங்களில் யாரும் செய்வதில்லை.

வீட்டில் எவ்வளவு விழுகிறது?

இதுதான் முக்கியமான பகுதி. இங்கே நேரத்தைச் செலவழியுங்கள்.

ஒரு தொட்டிப் பகுதியில் 24 முதல் 30 வீடுகள் போதும். மூன்றாகப் பிரியுங்கள்: தொட்டிக்குப் பக்கத்தில், நடுவில், கடைசியில். கடைசிப் பகுதியில் இரண்டு மூன்று வீடு கூடுதலாகவே எடுங்கள். தெரிந்தவர் வீடு, பெரிய வீடு என்று தேர்ந்தெடுத்தால் கணக்கு கெட்டுப்போகும். பத்து வீட்டுக்கு ஒன்று என்று போய்விடுங்கள். டெல்டா தரை தட்டை. மேட்டுப்பாங்கான ஊரில் இருப்பதுபோல இயற்கைச் சரிவு கைகொடுக்காது. தொட்டியின் உயரம் தரும் அழுத்தம் மட்டுமே. முன்னால் உள்ள தெருக்கள் இழுத்துக்கொண்டால் கடைசித் தெருவுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

ஒவ்வொரு வீட்டிலும் குறிக்க வேண்டியவை: தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், வேகம், அழுத்தம், மோட்டார் போட்டார்களா, வீட்டில் எத்தனை பேர்.

வேகத்துக்கு வாளி போதும். வாளியின் உண்மையான கொள்ளளவை ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றிப் பார்த்து முதலில் உறுதி செய்யுங்கள். 20 லிட்டர் என்று விற்பது 16 லிட்டராகவும் இருக்கும். 20 லிட்டர் 2 நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர். தண்ணீர் வந்து பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, நடுவில் ஒருமுறை, நிற்கப்போகும்போது ஒருமுறை எடுங்கள். ஒரே ஒரு அளவை வைத்து முழு நேரத்துக்கும் பெருக்காதீர்கள்.

தரைத்தொட்டி உள்ள வீட்டில் வேலை இன்னும் சுலபம். ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளமுள்ள தொட்டியில் மட்டம் 20 சென்டிமீட்டர் ஏறினால் 300 லிட்டர் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே இருந்து யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அழுத்தத்துக்குப் பிளம்பர் கடையில் கிடைக்கும் பிரஷர் கேஜ் வாங்கிக்கொள்ளலாம். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று காட்டினால் தண்ணீர் சுமார் 10 மீட்டர் உயரம் ஏறும் என்று அர்த்தம். தரைத்தள வீட்டுக்கு 7 மீட்டர், ஒரு மாடிக்கு 12 மீட்டர், இரண்டு மாடிக்கு 17 மீட்டர் அழுத்தம் கடைசி முனையில் மிஞ்ச வேண்டும் என்பது பொறியாளர்கள் வடிவமைக்கும்போது பின்பற்றிவந்த கணக்கு. பல தெருக்களில் கேஜ் முள்ளே அசையாது. அப்போது கண்ணாடிபோல் தெரியும் ஒரு டியூபைக் குழாயில் மாட்டி, மெல்ல உயர்த்துங்கள். எந்த உயரத்தில் தண்ணீர் நிற்கிறதோ அதுவே அந்த வீட்டின் அழுத்தம். இடுப்பு உயரம்கூட ஏறவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள்.

குழாய்க்காகக் குழி வெட்டியிருக்கும் வீடுகளைத் தனியாக எண்ணுங்கள். வாசலில் இரண்டு அடி பள்ளம் தோண்டி, குழாயைத் தாழ்த்தி, அதில் குடம் வைத்துப் பிடிக்கிற வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அழுத்தம் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. மழைக்காலத்தில் அந்தக் குழியில் சாக்கடைத் தண்ணீர் நிற்கும், குழாய் வாய் அதில் முங்கிக் கிடக்கும். இது தரச் சிக்கலும்கூட.

மோட்டார் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வைத்திருப்பவர் சொல்ல மாட்டார். உங்கள் வேலை காட்டிக்கொடுப்பது இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பெயரோ கதவு எண்ணோ குறிக்காமல் "தெருவில் இத்தனை மோட்டார்" என்று மட்டும் எழுதுங்கள். முடிந்தால் ஒருநாள் மட்டும் யாரும் மோட்டார் போடாமல் இருக்கத் தெருவில் பேசி ஒப்புக்கொள்ளச் செய்து, கடைசி வீட்டை மறுபடி அளந்து பாருங்கள். அந்த வித்தியாசத்தை நேரில் பார்க்கும் தெருவுக்கு அதற்கப்புறம் பெரிதாக விளக்கம் தேவைப்படாது.

எல்லா வீட்டையும் கூட்டி வகுத்துச் சராசரி எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். முன்பகுதிக்கு ஒரு எண், கடைசிப் பகுதிக்கு ஒரு எண் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். முன்பகுதியில் ஆளுக்கு 120 லிட்டர், கடைசியில் 30 லிட்டர் என்றால் சராசரி 75 என்று வந்து எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். கடைசிப் பகுதிக்குக் கிடைப்பது முன்பகுதிக்குக் கிடைப்பதில் எத்தனை சதவீதம் என்ற ஒரே ஒரு எண்ணைத்தான் எந்த ஊர் அறிக்கையிலும் நான் முதலில் தேடுவேன்.

வழியில் தொலைந்தது எவ்வளவு?

ஒரு கற்பனைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். 600 வீடு, 2,400 பேர். தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 2,40,000 லிட்டர் புறப்படுகிறது. காகிதத்தில் ஆளுக்கு 100 லிட்டர். நீங்கள் அளந்த வீடுகளில், மூன்று பகுதிகளையும் வீட்டு எண்ணிக்கைப்படி சேர்த்துப் பார்த்தால், வீட்டுக்கு 260 லிட்டர் வருகிறது. 600 வீட்டுக்கு 1,56,000 லிட்டர். மீதி 84,000 லிட்டர், அதாவது 35 சதவீதம், கணக்கில் இல்லை.

உடனே "35 சதவீதம் கசிவு" என்று போஸ்டர் அடித்துவிட வேண்டாம். அந்த 84,000 லிட்டரில் தெருவில் உள்ள பொதுக் குழாயில் பிடித்தது, கோயில், பள்ளி, அங்கன்வாடிக்குப் போனது, ஹோட்டல் இணைப்புகள், லாரியில் நிரப்பியது, அனுமதியில்லாத இணைப்பு எல்லாம் இருக்கும். முடிந்தவரை ஒவ்வொன்றையும் மதிப்பிட்டுக் கழியுங்கள். பொதுக் குழாயில் நின்று குடங்களை எண்ணினாலே போதும். கடைசியில் மிஞ்சுவதுதான் உண்மையான கசிவு. வருவாய் தராத நீர் என்று அரசு சொல்வது கசிவு, திருட்டு, இலவச விநியோகம் எல்லாம் சேர்ந்தது. பொதுக் குழாயில் பிடிக்கும் ஏழைக் குடும்பத்தின் தண்ணீரை "இழப்பு" என்ற தலைப்பில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைத் தனி வரியில் காட்டுங்கள்.

கசிவு எங்கே? நடந்து தேடுங்கள். சித்திரை வெயிலில் பச்சையாக இருக்கும் புல், எப்போதும் நீர் நிற்கும் வால்வுக் குழி, காரணமில்லாமல் உள்வாங்கும் சாலை. பிரதான குழாய் உடைந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், எல்லோரும் கூடுவார்கள், அன்றே சரிசெய்துவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் தண்ணீரைத் தின்பது தெருக்குழாயிலிருந்து வீட்டு இணைப்பு பிரியும் இடம். நிமிடத்துக்கு ஒரே ஒரு லிட்டர் கசிந்தாலும், மூன்று மணி நேர விநியோகத்தில் 180 லிட்டர். ஒரு சிறு குடும்பத்தின் ஒருநாள் தண்ணீர் அது.

டெல்டா மண்ணுக்கே உரிய காரணங்களும் உண்டு. களிமண் கோடையில் வெடித்துச் சுருங்கும், மழையில் ஊதும்; குழாய் மூட்டுகள் அந்த அசைவில் விட்டுக்கொடுக்கும். கடலோர உப்பு மண்ணில் இரும்புக் குழாய் சீக்கிரம் அரிக்கும். எனவே குழாய் எந்தப் பொருளில், எந்த ஆண்டில் போட்டது என்று வரைபடத்தில் குறித்துவைத்தால், அடுத்து எங்கே உடையும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம்.

இன்னொன்று. குழாயில் அழுத்தம் இருக்கும் நேரத்தில்தான் கசியும். கசிவை அடைக்காமல் விநியோக நேரத்தை மூன்று மணியிலிருந்து ஆறு மணியாக்கினால் கசிவும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். "இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள்" என்று கேட்பதற்கு முன் "முதலில் ஓட்டையை அடையுங்கள்" என்று கேட்பது நல்லது.

மின்சாரக் கணக்கு

பலர் பயப்படும் இடம். உண்மையில் ஒரே பெருக்கல்தான். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்த, எந்த இழப்பும் இல்லை என்றால், 0.002725 யூனிட் மின்சாரம் போதும். உராய்வு இழப்பையும் சேர்த்து 40 மீட்டர் ஏற்ற வேண்டுமென்றால் 0.109 யூனிட். உங்கள் பம்பு மணிக்கு 60,000 லிட்டர் தருகிறது, மின்மீட்டரில் மணிக்கு 12 யூனிட் ஓடுகிறது என்றால், ஆயிரம் லிட்டருக்கு 0.2 யூனிட். 0.109-ஐ 0.2-ஆல் வகுத்தால் சுமார் 55 சதவீதம். இதுதான் பம்பும் மோட்டாரும் சேர்ந்த திறன். நல்ல நிலையில் உள்ள ஒரு செட் 60 முதல் 70 சதவீதம் தரும். 50-க்குக் கீழே போனால் பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டிய நேரம்.

அப்புறம் இதையும் முன்னால் சொன்ன இழப்பையும் சேர்த்துப் பாருங்கள். 35 சதவீதம் வழியில் தொலைகிறது என்றால், வீட்டுக்கு வந்து சேர்ந்த ஆயிரம் லிட்டருக்கு ஆன மின்சாரம் 0.2 இல்லை, 0.31 யூனிட். கொள்ளிடத்திலிருந்து பல கட்டங்களாக ஏற்றி வரும் ஊரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படிக் கூட்ட வேண்டும். ஒரு தெருக்குழாய்க் கசிவை அடைப்பது மின்கட்டணத்தைக் குறைக்கும் வேலையும்தான் என்று நகர்மன்றத்தில் புரியவைக்க இந்த ஒரு எண் போதும்.

நீரேற்று நிலையத்தில் ஜெனரேட்டர் உள்ளதா என்றும் கேட்டு எழுதுங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபின் நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, ஆற்றில் தண்ணீர் இருந்தும் குழாயில் இல்லாமல் போனது நமக்குத் தெரியும்.

தரம்

கடைசி வீட்டில் சோதிக்க வேண்டிய முதல் பொருள் குளோரின். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500-இன்படி, பயன்படுத்தும் இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். நிறம் பார்த்துச் சொல்லும் சிறிய கிட்டை ரசாயனக் கடையில் வாங்கலாம். தொட்டியில் இருந்து கடைசியில் இல்லை என்றால், வழியில் அழுக்கு அதைத் தின்றுவிட்டது என்று பொருள்.

தண்ணீர் வந்த முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்று, அரை மணி கழித்து ஒன்று என்று இரண்டு மாதிரி எடுங்கள். விநியோகம் நின்றதும் குழாய் காலியாகும். அப்போது ஓட்டைகள் வழியே சுற்றியுள்ள மண் நீரை உள்ளே இழுக்கும். பக்கத்திலேயே சாக்கடை போகும் தெருவில் என்ன உள்ளே வரும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் தண்ணீர் கெட்டு, பிறகு நன்றாக வந்தால் சிக்கல் ஆற்றிலும் இல்லை, தொட்டியிலும் இல்லை, உங்கள் தெருக்குழாயில்தான். கிருமிக்கு எச்2எஸ் குப்பி உண்டு. தண்ணீர் நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு இருக்கும்போது கறுக்கும். கறுத்தால் அதோடு நிற்காமல், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி முறையான சோதனை செய்துவிடுங்கள். 100 மில்லிலிட்டரில், மலக்கலப்பைக் காட்டும் கிருமியான ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

டி.டி.எஸ். மீட்டரை வைத்துத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. அது கரைந்த உப்பை மட்டும் காட்டும். விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காதபோது 2,000 வரை. கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கடலோர ஊர்களில் மாதாமாதம் குறித்துவைத்தால் பயன் உண்டு. எண் ஏறிக்கொண்டே போனால், ஆற்றுநீர் குறைந்து உள்ளூர் ஆழ்குழாய் நீரைக் கலக்கிறார்களா என்று கேட்கலாம்.

தெருவில் எத்தனை வீடு கேன் தண்ணீர் வாங்குகிறது என்றும் எண்ணுங்கள். எந்த அரசு அளவுகோலிலும் இது இல்லை. குழாய்த் தண்ணீரை மக்கள் நம்புகிறார்களா என்பதற்கு நேரான பதில் அதில் இருக்கிறது. மாதச் சம்பளம் குறைவாக உள்ள வீடுகூடக் கேனுக்குக் காசு கொடுக்கிறது என்றால், குடிநீர்க் கட்டணம் குறைவு என்று பெருமைப்பட ஒன்றுமில்லை.

அலுவலகத்தில் வாங்க வேண்டியவை

ஓராண்டு மீட்டர் அளவு, ஒவ்வொரு பம்பு ஹவுஸின் மாத மின் யூனிட், இணைப்பு எண்ணிக்கை, கேட்ட கட்டணமும் வசூலானதும், குளோரின் பதிவேடு, புகார்ப் பதிவேடு. முதலில் நேரில் கேளுங்கள். பல பொறியாளர்கள் கொடுத்துவிடுவார்கள். கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். "குடிநீர் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்காமல், எந்தத் தொட்டி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று குறித்துக் கேளுங்கள்.

புகார்ப் பதிவேட்டைப் பார்க்கும்போது எண்ணிக்கையைவிடத் தெருப்பெயரைக் கவனியுங்கள். ஒரே தெரு திரும்பத் திரும்ப வந்தால் அங்கே பழுது பார்க்கிறார்களே தவிர, சரியாகவில்லை.

எந்த மாதத்தில் அளப்பது?

ஒருமுறை அளந்தால் ஒரு வாரத்தின் கதை மட்டும் கிடைக்கும். குறைந்தது மூன்று பருவம் வேண்டும். ஜனவரி 28-ல் வழக்கமாக மேட்டூரை மூடிவிடுவார்கள்; மே மாதத்தில் ஆற்று மணலின் நீர்மட்டம் அடியில் கிடக்கும். மணல் அள்ளிப் பள்ளமான இடங்களில் கிணற்றின் ஊற்றும் குறையும், கொள்ளிடத்தின் முகத்துவாரப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறும். அது ஒரு அளவு. ஆகஸ்ட், செப்டம்பரில் ஆறு ஓடும்போது ஒன்று. வடகிழக்குப் பருவமழையில், தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும்போது ஒன்று. தரச் சோதனைக்கு அதுதான் சரியான பருவம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, கும்பகோணத்தில் மகாமக ஆண்டில், ஊருக்கு வந்து போகும் கூட்டத்தையும் சேர்க்காமல் ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று வகுத்தால் எண் பொய்யாகிவிடும்.

முடிவுகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: தொட்டியிலிருந்து புறப்பட்டது, முன்பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் ஆளுக்கு வந்தது, விநியோக நேரம், கணக்கில் வராதது, கடைசி வீட்டுக் குளோரின், வந்து சேர்ந்த ஆயிரம் லிட்டருக்கு ஆன யூனிட். எப்படி அளந்தீர்கள் என்பதைப் பின்பக்கத்தில் எழுதுங்கள், வேறொருவர் அதேபோல் செய்து சரிபார்க்கலாம். மன்றத்துக்கோ பகுதி சபைக்கோ கொண்டு போவதற்கு முன் வால்வுப் பணியாளரிடமும் பொறியாளரிடமும் காட்டிவிடுங்கள். உங்கள் எண்ணில் தவறு இருந்தால் அவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள். கோரிக்கையாக ஒன்றே ஒன்றை மட்டும் வையுங்கள். மீட்டர் ஓடவில்லை என்றால் மீட்டர். ஓடுகிறது என்றால், அதிகம் கசியும் தெருவின் இணைப்பு மூட்டுகள். அந்த வேலை முடிந்த அடுத்த வாரம், அதே வாளியோடு, அதே நேரத்தில், கடைசிப் பகுதியின் அதே வீடுகளில் மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.